பங்குப் பெட்டியில் மிஞ்சியது

செக்கடிப்பட்டியில் ஒன்றோடொன்று உரசுவது நின்றுபோன செவ்வாய்க்கிழமை காலையில், கீழத்தெருக் குருவம்மா தன் புல்லட்டின் பங்குப் பெட்டிக்கு ஆயில் மாற்றிக்கொண்டிருந்தாள். மேலத்தெருவில் ஒரு வளைகாப்பு நடந்துகொண்டிருந்தது, கூட்டுறவு வங்கியில் வழக்கம்போல் கம்ப்யூட்டர் படுத்திருந்தது, இவற்றைத் தவிர அன்றைக்கு ஊரில் சொல்லிக்கொள்ளும்படி வேறொன்றும் நடக்கவில்லை.

புல்லட் என்றால் வெறும் புல்லட் இல்லை. போலீஸ்காரர்கள் ஓட்டித் தேய்த்து ஏலத்தில் விட்ட வண்டியை எடுத்து, பக்கவாட்டில் ஒரு சக்கரமும் பலகைத் தட்டும் பொருத்தி, பாரம் ஏற்றினால் பின்சக்கரம் தனியாக இழுக்க முடியாமல் திணறுகிறதென்று லேத்துப் பட்டறையில் சொல்லி ஓர் இரும்புப் பெட்டி செய்து வாங்கி, இன்ஜினின் இழுவையை அது பின்சக்கரத்துக்கும் பக்கச் சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும்படி அமைத்திருந்தாள். அதனால் அதற்குப் பங்குப் பெட்டி என்று பெயர். அந்த வண்டியில்தான் சுற்றுப்பட்டிக் கிராமங்களுக்குப் புண்ணாக்கு மூட்டை கொண்டுபோய்ப் போட்டாள். இந்த ஊரில் நியாயமாகப் பங்கு பிரிக்கிறது அந்தப் பெட்டி ஒன்றுதான் என்று மெக்கானிக் லாசர் சொல்வான், சொல்லிவிட்டு யாராவது சிரிக்கிறார்களா என்று சுற்றிப் பார்ப்பான்.

அந்தப் பெட்டி கொஞ்ச நாளாகத் தேய்ந்து ஊளையிட ஆரம்பித்ததற்குக் காரணம் சுவர். கீழத்தெருவிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகிற கிணற்றுச் சந்தின் வாயில், எண்ணெய் மில் முதலாளி வைரப்பெருமாள் ஒரு சுவரை எழுப்பியிருந்தார். ஏன் என்று கேட்டால், தூசி வருகிறது, மில்லில் எண்ணெய் கெடுகிறது என்பார். எந்தத் தூசி என்று மேலத்தெருவுக்கும் தெரியும், கீழத்தெருவுக்கும் தெரியும், சுவரை அளந்து பார்க்க வந்து மில்லில் மோர் குடித்துவிட்டுப் போன அதிகாரிகளுக்கும் தெரியும். அன்றிலிருந்து கீழத்தெருவின் பிள்ளைத்தாய்ச்சிகளும் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பிணங்களும் புண்ணாக்கு மூட்டைகளும் சாக்கடைக் கரையைச் சுற்றித்தான் போய்க்கொண்டிருந்தார்கள். குருவம்மா மனு கொடுத்தாள், தாசில்தார் ஜீப்புக்கு முன்னால் படுத்தாள், கோர்ட்டில் வழக்குப் போட்டாள். வைரப்பெருமாள் ஒவ்வொரு தடவையும் கத்தினார். அதில் அவளுக்கு வருத்தமே இல்லை. கத்துகிற ஆளை நோக்கித் திருப்பிக் கத்தலாம், அது ஒரு வழி. சுற்றிப் போகாத வழி.

"அக்கா, வண்டியக் கொஞ்சம் ஓட்டிட்டு வந்தியா? சூடா இருந்தாத்தான் ஆயில் இறங்கும்" என்றான் லாசர்.

"சாக்கடைக் கரையச் சுத்தித்தான் வந்திருக்கேன். மேல இட்லியே அவிக்கலாம்."

அவன் மேல்மூடியைத் தளர்த்திக் காற்றுக்கு வழி விட்டுவிட்டு, கீழே ஒரு தகரத் தட்டை வைத்து, அடித்திருகைக் கழற்றினான். கருப்பட்டிப் பாகு மாதிரி ஒன்று யோசித்து யோசித்து இறங்கியது.

"எப்பக்கா கடைசியா மாத்துன?"

"இதுக்குத் தனியா மாத்தணுமா? இன்ஜினுக்கு ஊத்துறது இதுக்கும் போயிரும்லன்னு இருந்துட்டேன்."

"அது வேற வீடு, இது வேற வீடுக்கா. ஒரே கூரை. நடுவுல சுவரு."

"இங்கயுமாடா?" என்றாள் குருவம்மா.

செக்கடிப்பட்டியில் மாற்றின ஆயிலை யாரும் கொட்டமாட்டார்கள். எண்ணெயால் பிழைக்கிற ஊருக்கு எண்ணெய் மண்ணில் விழுவதைப் பார்க்கப் பொறுக்காது. கறுத்துப்போன ஆயிலுக்கும் கதவுக் கீல் உண்டு, கட்டில் காலில் எறும்பு உண்டு, உத்திரத்தில் கரையான் உண்டு, கடை ஷட்டர் உண்டு, கிணற்று ராட்டினம் உண்டு. லாசர் அடித்திருகைக் கழற்றின வாசம் காற்றில் போன உடனேயே சிரட்டையும் பாட்டிலும் பஞ்சுத் துண்டுமாகத் தெரு முழுவதும் வந்து நின்றுவிட்டது. குருவம்மா எல்லாருக்கும் கரண்டியால் ஊற்றினாள். கடைசியில் அந்தச் சுவருக்கு மேலிருந்து, கழுத்தில் கயிறு கட்டின ஒரு காலி பாட்டில் ஆடி ஆடி இறங்கியது.

"ஏ குருவம்மா, மொதலாளி கேட்டாரு. மில்லு கேட்டு கிரீச்சு கிரீச்சுங்குது" என்றது வாட்ச்மேனின் குரல்.

"எண்ணெ மில்லுல எண்ணெ இல்லாமப் போச்சாக்கும்?"

"அது விக்கிற எண்ணெல்ல?"

தூசி கயிற்றில் ஏறாது போல. அவள் சிரித்துக்கொண்டே அந்தப் பாட்டிலையும் நிரப்பி அனுப்பினாள்.

எல்லாரும் போனபின் தட்டின் அடியில் சாம்பல் நிறத்தில் ஒரு சேறு மிஞ்சியது. பல் சக்கரங்கள் தேய்ந்து உதிர்ந்த இரும்புத் தூள். விரலில் எடுத்தால் நறநறவென்றது, வெயிலில் மினுங்கியது. அது மட்டும் யாருக்கும் வேண்டாம். "தூரப் போடுக்கா" என்றான் லாசர். அவள் போடவில்லை. பெட்டி எவ்வளவு தேய்ந்திருக்கிறதென்று லேத்துக்காரனிடம் காட்டுவதற்காக ஓர் ஊறுகாய் பாட்டிலில் வழித்துப் போட்டு, மூடி, அடுப்படி மாடத்தில் வைத்தாள். லாசர் புது ஆயிலை, மட்டம் காட்டுகிற துளையில் சொட்டுகிறவரை ஊற்றித் திருகை இறுக்கினான். இறுக்க இறுக்கத் திருகு சுற்றிக்கொண்டே இருந்தது.

மத்தியானத்துக்குள் ஊரில் கதவுகளின் சத்தம் அடங்கியது. சாயங்காலத்துக்குள் கயிற்றில் போட்ட முடிச்சுகள் எல்லாம் தாமாக அவிழ்ந்தன. கீலைத் தொட்ட கை கட்டிலைத் தொட்டது, கட்டிலைத் தொட்ட கை பிள்ளையைத் தொட்டது, பிள்ளை ஓடிப்போய் ஊரைத் தொட்டது. மறுநாள் தீக்குச்சி எதிலும் பற்றவில்லை, கரும்பலகையில் சாக்பீஸ் எழுதவில்லை, வேட்டி இடுப்பில் நிற்கவில்லை. ஜனங்கள் இரண்டு நாள் விழுந்தார்கள். மூன்றாம் நாள் வழுக்கப் பழகிக்கொண்டார்கள். வேட்டிக்காரர்கள் தோளில் பட்டை வைத்து மாட்டிக்கொண்டார்கள். வாத்தியார்கள் எழுத முடியாததற்காக வருத்தம் தெரிவித்துவிட்டு உட்கார்ந்துகொண்டார்கள். தீக்குச்சி எதுவும் பற்றாததால், அணையாமல் எரிந்துகொண்டிருந்த மில் கொதிகலனிலிருந்துதான் ஊருக்கே நெருப்பு போயிற்று. வைரப்பெருமாள் எல்லாருக்கும் கொடுத்தார், கீழத்தெருக்காரர்களுக்கும் கொடுத்தார், அவர்கள் சாக்கடைக் கரையைச் சுற்றி வந்து வாங்கிக்கொண்டு, சாக்கடைக் கரையைச் சுற்றித் திரும்பிப் போவதற்குள் பாதி அணைந்திருக்கும், அதற்கும் அவர் வருத்தப்பட்டார்.

நாக்குகளில் இருந்த உரசலும் போயிருந்ததுதான் இதில் விசேஷம். சம்பந்தம் பேசப் போனவர்கள் காப்பி ஆறுவதற்குள் பேசி முடித்தார்கள். அண்ணன் தம்பிகள் வரப்பை நீயே வைத்துக்கொள் என்று ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுத்ததில் வரப்பு அநாதையாகக் கிடந்தது. மாமியார்கள் மருமகள்களிடம் சொல்ல வந்ததை மறந்து போனார்கள். சண்முகக்கனியின் டீக்கடையில் மேலத்தெருவுக்குக் கண்ணாடி டம்ளர், கீழத்தெருவுக்குக் குடித்துவிட்டு எறிகிற பிளாஸ்டிக் கப்பு என்பது வழக்கம். இப்போது கண்ணாடி டம்ளர்கள் கைகளில் நிற்காமல் வழுக்கி விழுந்து உடைந்து தீர்ந்துபோனதால் எல்லாருக்கும் பிளாஸ்டிக் கப்பே வந்தது. சமத்துவம் வந்துவிட்டது என்று பேப்பரில் போட்டார்கள். சண்முகக்கனியின் படமும் வந்தது.

எப்படி இது நேர்ந்தது என்பதில் யாருக்கும் அக்கறை இல்லை. போலீஸ் ஓட்டின வண்டி அல்லவா, எத்தனை சலாமும் எத்தனை 'சரிங்கய்யா'வும் அதில் ஊறியிருக்குமோ என்று லாசர் ஒரு நாள் சொன்னான். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எதைச் சொன்னாலும் ஆமாம் என்றுதான் சொன்னார்கள் என்பதால் அவனுக்கும் பேச்சில் ருசி போய்விட்டது.

குருவம்மா மில்லுக்குப் போனாள். முன்பெல்லாம் கேட்டிலேயே நிறுத்துவார்கள். இப்போது வைரப்பெருமாளே வழுக்கிக்கொண்டு வாசலுக்கு வந்து, இரண்டு கையையும் கூப்பினார்.

"வாங்கக்கா, உள்ள வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க."

அவருடைய வாயில் அக்கா என்ற சொல் எந்த இடத்திலும் இடறாமல் வந்ததைக் கேட்டு அவளுக்கு ஒரு கணம் தலை கிறுகிறுத்தது. "மொதலாளி, அந்தச் சுவரு..." என்றாள்.

"சுவருதானே? எடுத்துருவோம்க்கா. அது தப்புத்தான். ஜனங்க நடக்குற வழி."

"எப்ப எடுப்பீங்க?"

"நீங்க சொல்ற அன்னைக்கு."

"இன்னைக்கு."

"ஆகட்டும், இன்னைக்கே" என்றார் அவர். அன்றைக்கு எடுக்கவில்லை. மறுநாள் கேட்டபோதும் ஆகட்டும் என்றார், அதற்கடுத்த வாரமும் அதே இனிப்போடு ஆகட்டும் என்றார், ஒவ்வொரு ஆகட்டுமுக்கும் ஒரு பொட்டலம் கடலை மிட்டாய் கொடுத்தனுப்பினார். அவள் அவருடைய முகத்தில் எங்கேயாவது பொய் தெரிகிறதா என்று தேடிப் பார்த்தாள். தெரியவில்லை. மெய்யும் தெரியவில்லை. எண்ணெய் தடவின பலகையில் தண்ணீர் ஊற்றினது மாதிரி அவளுடைய கேள்வி அந்த முகத்தில் ஓடி, மோவாயில் சொட்டி, கீழே விழுந்தது.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்று, வாதி சொல்வது அத்தனையும் நியாயம், எங்களுக்கு ஆட்சேபணையே இல்லை என்றார். நீதிபதி மகிழ்ந்தார். இரு தரப்பும் ஒத்துப்போவதால் அவசரம் ஏதுமில்லை என்று வழக்கைத் தள்ளிவைத்தார். அவர் போட்ட கையெழுத்து காகிதத்தில் பிடிக்காமல் வழிந்து மேசையில் தேங்கியது.

கடைசியில் கீழத்தெருவே கடப்பாறையோடு கிளம்பியது. மேலத்தெருவும் உதவிக்கு வந்தது. வைரப்பெருமாளும் வந்து, தோளில் பட்டை மாட்டிய வேட்டியோடு, முதல் அடியை அவரே அடித்தார். கடப்பாறை சுவரில் பட்டது, வழுக்கியது, அவர் அதோடு சேர்ந்து ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தார். எல்லாரும் கைதட்டினார்கள், கை தட்டினாலும் சத்தம் வரவில்லை. பிறகு ஒவ்வொருவராக அடித்தார்கள். ஒரு கீறல் விழவில்லை. இவ்வளவு பேருடைய நல்லெண்ணமும் தாக்கி அந்தச் சுவர் பளபளவென்று ஆகி, முகம் பார்க்கிற அளவுக்கு வந்துவிட்டது.

"என்னக்கா பண்ணுறது, எல்லாரும் சேந்துதான அடிக்கிறோம்" என்றான் லாசர், சந்தோஷமாக.

"நீயுமாடா?"

"ஆமாக்கா" என்றான் அவன். "எதுவா இருந்தாலும் ஆமாக்கா."

அன்றைக்குக் குருவம்மாவுக்கு அழுகை வந்தது. கன்னத்தில் நிற்காமல் ஓடிவிட்டதால் அவள் அழுதது யாருக்கும் தெரியவில்லை. சுவர் எழுந்த பிறகு, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், அந்தச் சாக்கடைக் கரையில்தான், அவளுடைய மகள் செண்பகத்துக்கு முதல் பிள்ளை பிறந்திருந்தது. பிறந்த பிள்ளை அழவில்லை. அடுத்தது இப்போது மகளுக்கு வயிற்றில் இருந்தது, மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அந்தப் பிள்ளை வருவதற்குள் சந்து திறக்க வேண்டும். அதற்குமுன் இந்த ஊரில் யாராவது ஒருத்தர் அவளிடம் முடியாது என்று சொல்ல வேண்டும்.

சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மாடத்தில் கைவிட்டபோது ஊறுகாய் பாட்டில் மாறிவிட்டது. ஊரில் எல்லா மூடிகளும் தொட்டால் சுற்றிக்கொண்டு கழன்றுவிடுகிற காலத்தில், கையில் கிடைத்த இந்தப் பாட்டிலின் மூடி மட்டும் திறக்க மறுத்தது. முந்தானையால் பிடித்து, பல்லைக் கடித்துத் திருகினாள். கிர்ரென்றது. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! உள்ளே சாம்பல் நிறச் சேறு மினுங்கியது.

ஒரு துளியை எடுத்துத் தீக்குச்சியில் தடவி உரசினாள். பற்றிக்கொண்டது. கொஞ்சம் கடப்பாறை முனையில் தடவிக்கொண்டு போய்ச் சுவரை ஒரு குத்துக் குத்தினாள். பூசின சிமெண்டில் பல் அளவுக்கு ஒரு சில்லு பெயர்ந்தது, அதோடு முனையில் இருந்ததும் தீர்ந்தது. அவள் சுவரின் நீளத்தைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். சாக்கடைக் கரையைச் சுற்றிச் சுற்றி வந்ததில் பெட்டிக்குள் தேய்ந்த இரும்பெல்லாம் சேர்ந்து இவ்வளவுதான். சுவருக்குப் போதாது. ஆளுக்குப் போதும்.

ஊருக்கு விருது கொடுக்கப் பெரிய அதிகாரி ஒருவர் வரப்போவதாக அந்த வாரமே தண்டோரா போட்டார்கள்; குச்சி தோலில் வழுக்கினதால் வாயாலேயே டமடம என்று சொல்லிக்கொண்டு போனார்கள். உரசல் இல்லா ஊர் என்று விருதுக்குப் பெயர். மில் முற்றத்தில், பளபளக்கிற அந்தச் சுவரையே பின்னணியாக வைத்து மேடை போட்டார்கள். கீழத்தெருவுக்கும் அழைப்பு உண்டு. சாக்கடைக் கரையைச் சுற்றி வந்து எல்லாரும் உட்கார்ந்தார்கள். அதிகாரி பேசினார். அவருடைய பேச்சு எந்த இடத்திலும் எதன் மேலும் படாமல் ஒரு மணி நேரம் போயிற்று. பிறகு, ஆயிலை ஊருக்குப் பங்கிட்டுக் கொடுத்த சகோதரி குருவம்மாவுக்குப் பொன்னாடை போர்த்துவார்கள் என்று அறிவித்தார்கள்.

அவள் வலது கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு மேடையேறினாள். பொன்னாடை தோளில் போட்டதும் வழிந்து கீழே விழுந்தது. வைரப்பெருமாள் மைக்கின் முன்னால் நின்று, பல் தெரியச் சிரித்து, "நம்ம அக்கா" என்று சொல்லிக் கையை நீட்டினார். குருவம்மா முந்தானையிலிருந்து கையை எடுத்து, உள்ளங்கை நிறைய நறநறப்போடு, அந்தக் கையைப் பிடித்தாள். பிடித்தது பிடித்தபடி இருந்தது.

முதலில் அவருடைய சிரிப்பு நின்றது. அப்புறம் கழுத்து நரம்பு புடைத்தது. கையை இழுத்தார். வரவில்லை. இரண்டு உள்ளங்கைகளும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன.

"ஏட்டீ!" என்றார் வைரப்பெருமாள். மைக் அதை எட்டு ஊருக்குக் கொண்டுபோயிற்று. "யாரு கையத் தொடுற? விடுட்டீ! தூர நில்லு!"

வெகுநாள் கழித்துத் தாகத்துக்குத் தண்ணீர் கிடைத்தவளைப் போலக் குருவம்மா ஒரு பெருமூச்சு விட்டாள்.

"இப்பச் சொல்லுங்க மொதலாளி. சுவரு எதுக்குக் கட்டுனீங்க?"

"நீங்கள்லாம் என் வாசல் வழியா நடக்கக் கூடாதுன்னுதான் கட்டுனேன்! எடுக்க முடியாது! என்னட்டி செய்வ?"

"அம்புட்டுத்தான் கேட்டேன்" என்று அவள் கையை விட்டாள்.

அவர் அந்தக் கையைப் பக்கத்தில் நின்ற அதிகாரியின் சட்டையில் துடைத்தார். அதிகாரி அவரைப் பிடித்துத் தள்ளினார். தள்ளப்பட்டவர் வாட்ச்மேன் மேல் விழுந்தார், வாட்ச்மேன் சண்முகக்கனியைப் பிடித்தான், சண்முகக்கனி பிடித்த நாற்காலியைப் பின்னாலிருந்து இன்னொருவர் இழுத்தார். ஆயில் எப்படிப் பரவியதோ அப்படியே, கையிலிருந்து கைக்கு, அந்த நறநறப்பும் பரவியது. வரப்பு யாருடையது என்று ஒரு மூலையில் சத்தம் கிளம்பியது. மருமகளே என்று ஒரு குரல், என்னத்தே என்று பதிலுக்கு ஒரு குரல். எறிகிற கப்பில் இனி எவனும் எங்களுக்கு டீ தரக் கூடாது என்று கீழத்தெருவிலிருந்து ஒருவன் எழுந்தான். நாங்கள் மட்டும் இத்தனை நாள் எதில் குடித்தோமாம் என்று மேலத்தெருவிலிருந்து ஒருவன் எழுந்தான். பேப்பர்க்காரர் எழுதின காகிதத்தைக் கிழித்துப் போட்டார். அது டர்ரென்று கிழிந்தது.

"லாசரு!" என்று குருவம்மா மேடையிலிருந்து கத்தினாள். "எடுத்துட்டு வா!"

"இப்பவா? முடியாதுக்கா, போலீஸ் நிக்குது, என்னால அடி வாங்க முடியாது" என்றான் லாசர். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவன் காதில் விழுந்தது. வாயைப் பிளந்தான். பிறகு மேடைக்கு அடியில் குனிந்து, முந்தின இரவு அவள் சொல்லி ஒளித்துவைத்திருந்த கடப்பாறையை எடுத்துக்கொண்டு ஓடி வந்தான். வழுக்காமல், காலைத் தரையில் பதித்து ஓடினான்.

குருவம்மா சுவரில் கட்டியிருந்த விருதுப் பேனரைக் கிழித்தெறிந்துவிட்டு, ஏற்கெனவே பல் அளவுக்குப் பெயர்த்த இடத்தின் மறுபக்கம் எதுவென்று கணக்குப் பார்த்து, ஓங்கி இறக்கினாள். ணங்கென்றது. பொறி பறந்தது. அவளைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள், அவர்களைப் பிடிக்க ஆட்கள் வந்தார்கள். உருண்டார்கள், புரண்டார்கள், வேட்டிகளைக் கெட்டியாக முடிந்துகொண்டு அடித்துக்கொண்டார்கள். அதற்கு நடுவே குத்து விழுந்துகொண்டே இருந்தது. அன்றைக்குச் சுவர் விழவில்லை. அதற்கு மேலும் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது, வழக்குகள் வந்தன, சிலர் உள்ளே போனார்கள். ஆனால் செண்பகத்துக்கு வலி எடுத்தபோது ஆட்டோ கிணற்றுச் சந்து வழியாகத்தான் போயிற்று, பிள்ளை ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்படி அழுதது.

அந்த முதல் நாளில் திறந்தது தலை நுழைகிற அளவுக்கு ஒரு பொந்துதான். கல் பெயர்ந்து அந்தப் பக்கம் விழுந்ததும் மேலத்தெருவும் கீழத்தெருவும் ஒரு கணம் சண்டையை நிறுத்திவிட்டுப் பார்த்தன. கீழத்தெருவில், விழாவுக்கு வராமல் சுவரோரம் உட்கார்ந்திருந்த செண்பகம், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தப் பொந்தின் வழியாகக் குபுகுபுவென்று ஏதோ தன் மேல் வந்து கொட்டுவதைக் கண்டு எழுந்து நின்றாள். கடலைத் தொலித் தூசி. இத்தனை காலமும் மில் முற்றத்தில் தேங்கிக் கிடந்தது. அவள் தலையிலும் புருவத்திலும் படிந்திருந்ததைத் தட்டிவிட்டு, பொந்தில் முகத்தை வைத்து அந்தப் பக்கம் பார்த்துக் கேட்டாள்:

"எம்மா, தூசி இங்கருந்துதான் அங்க போகுதுன்னாங்க?"